கோ-டாங்கா, ஜூச்சேயா? கறுப்புப் பட்டைக்குப் பிந்திய ஒரு பாடம்

நம் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் மாலை வேளைகளில் வெள்ளைச் சீருடையோடு வரிசை பிடித்து நிற்கும் பிள்ளைகளைப் பலரும் பார்த்திருப்போம். பயிற்றுநர் நம்மவர், பிள்ளைகள் நம்மவர், வெளியே மோட்டார் சைக்கிளோடு காத்திருக்கும் அப்பாக்களும் நம்மவர்கள்தாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவனை அழைத்து, "தம்பி, யுல்-கோக் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் ஒப்பிப்பான். 38 அசைவுகள், 38ஆம் அட்சரேகை, அறிஞர் என்ற வரைபடம். எல்லாம் சரியாகவே இருக்கும். "சரி தம்பி, அந்த அறிஞர் என்ன செய்தார்?" என்று தமிழில் கேளுங்கள். தம்பி பயிற்றுநரைப் பார்ப்பான். பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

பச்சைப் பட்டைக்காரச் சிறுவனிடம் இதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அதே நிலை கறுப்புப் பட்டைக்குப் பின்னும், இரண்டாம் டான், மூன்றாம் டான் வரைக்கும் தொடர்கிறது என்பதுதான் என் கவலை. அதிலும் இரண்டாம் டான் மாணவர் படிக்க வேண்டிய மூன்று பேட்டர்ன்களில் கடைசியானது ஒரு சாதாரணப் பாடமன்று. அதன் பெயரே ஒரு சண்டைக்குரிய பொருள். அதைப் பற்றி எழுதத்தான் இக்கட்டுரை.

தேக்குவாண்டோ பழகாதவர்களுக்காகச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. எதிரி ஒருவர் நாற்புறமிருந்தும் தாக்குவதாகக் கற்பனை செய்துகொண்டு, தடுப்பு, குத்து, உதை ஆகியவற்றை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் தனியே செய்து காட்டுவதே பேட்டர்ன். கொரியர்கள் இதனைத் 'துல்' என்பர். சிலம்பத்தில் குத்துவரிசை கற்றவர்களுக்கு இதன் போக்கு எளிதில் பிடிபடும். ஜெனரல் சோய் ஹொங் ஹி உருவாக்கிய முறையில் மொத்தம் 24 துல்கள் இருக்கின்றன. ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்பதுபோல, மனிதனின் முழு வாழ்வும் காலத்தின் முன் ஒரு நாளே என்பது அவர் சொன்ன காரணம். முதல் துல் சொன்-ஜி 19 அசைவுகள் கொண்டது. நீளமானது சோ-சான், 72 அசைவுகள். எங்கே தொடங்கினோமோ அதே இடத்தில் வந்து முடிக்க வேண்டும் என்பது விதி. ஓர் அடி தள்ளி முடித்தால் வழியில் எங்கோ ஒரு நிலை நீண்டுவிட்டது அல்லது குறுகிவிட்டது என்று பொருள். எது என்பதை மாணவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே நமக்கு நேரடித் தொடர்புடைய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை. ஜெனரல் சோய் 1962இல் தென் கொரியாவின் தூதராக நம் நாட்டுக்கு வந்தார். கோலாலம்பூரில் அவர் இருந்த ஆண்டுகளில் இக்கலை இங்கே வேரூன்றியது. அதுமட்டுமன்று, கிம் போக் மான் போன்ற பயிற்றுநர்களைக் கொண்டு பல துல்களை அவர் உருவாக்கியதும் செப்பனிட்டதும் இங்கேதான். 1966 மார்ச் 22ஆம் நாள் சியோலில் அனைத்துலகத் தேக்குவாண்டோ சம்மேளனம் தோன்றியபோது அதன் ஒன்பது தொடக்க நாடுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் இருந்தன. எனவே இதனை எங்கோ கொரியாவிலிருந்து இறக்குமதியான பொருள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நம் வெயிலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

(சிலம்பம் இருக்கக் கொரியக் கலை எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டையுமே கற்றதில்லை என்பது என் அனுபவம்.)

கறுப்புப் பட்டை வாங்கிய அன்று பலருக்கும் பயணம் முடிந்துவிட்டதாக எண்ணம் வருகிறது. சட்டகமிட்ட சான்றிதழ் வீட்டுச் சுவரில் ஏறுகிறது. அடுத்த மாதம் முதல் வகுப்புக்கு வருவோர் எண்ணிக்கை பாதியாகிறது. எஸ்.பி.எம். தேர்வு, பிறகு மெட்ரிகுலேஷன், பிறகு பல்கலைக்கழகம் என்று காரணங்கள் உண்டு. மிஞ்சி நிற்பவர்களுக்குத்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அதுவரை கற்ற ஒன்பது துல்களில் ஒவ்வொன்றும் எண்ணி எண்ணிச் செய்யக்கூடியது. பயிற்றுநர் எண்ணுவார், நாம் அசைவோம். முதல் டானில் வரும் போ-இயுனில் அந்த ஊன்றுகோல் பறிக்கப்படுகிறது. 36 அசைவுகளும் ஒரே நேர்க்கோட்டில், இடமும் வலமுமாக. அதில் ஆறாவது அசைவு தொடங்கிப் பன்னிரண்டாவது வரை ஏழும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாகச் செல்ல வேண்டும். இங்கே எண்ணுவதற்கு இடமே இல்லை. கை போகும் வழியை மனம் பின்தொடர்ந்துதான் ஓட வேண்டியிருக்கிறது.

ஏன் ஒரே கோடு? போ-இயுன் என்பது கொரியோ அரசின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த புலவரும் அமைச்சருமான சொங் மொங்-ஜுவின் புனைபெயர். ஆட்சியைக் கைப்பற்றிய புதியவர்களுக்கு ஊழியம் செய்ய மறுத்த அவரை 1392இல் கேசோங் நகரப் பாலமொன்றில் வைத்து அடித்துக் கொன்றார்கள். அவர் அரசு மாறினாலும் நிலை மாறாதவர். அதனால்தான் அந்தத் துல்லும் கோணல் திருப்பம் ஏதுமின்றி ஒரே கோட்டில் போய்வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு செய்பவரின் உடலும் தெரியாமல் செய்பவரின் உடலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டால் என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் பத்துப் பேரை வரிசையில் நிறுத்திச் செய்யச் சொன்னால், யாருக்குக் கதை தெரியும் என்பதை ஓரளவு சொல்லிவிட முடிகிறது. தெரிந்தவர் அவசரப்படுவதில்லை.

இரண்டாம் டானுக்கு வருவோம். முதலில் இயுய்-அம், 45 அசைவுகள். அடுத்தது சூங்-ஜாங், 52 அசைவுகள். தரையில் கைகளையும் முழங்காலையும் ஊன்றியபடியே உதைக்கும் அசைவு ஒன்று அதில் உண்டு. மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் முழங்கால் தோலை ஈடாகக் கொடுத்துத்தான் எல்லாரும் அதைக் கற்கிறோம். அந்தத் துல் இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது. இளம் வயதில் சிறையிலேயே இறந்துபோன தளபதி ஒருவரின் முற்றுப்பெறாத வாழ்வுக்கு அது அடையாளம். முடிவில் வலக்கை தானாக எழ வருகிறது. அதை அடக்கி இடக்கையை விட வேண்டும். முற்றுப்பெறாமையை உடலால் உணரச் செய்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதில்தான் சிக்கல். பழைய முறைப்படி அது கோ-டாங், 39 அசைவுகள். 1980களுக்குப் பிந்திய முறைப்படி அது ஜூச்சே, 45 அசைவுகள். எந்த அமைப்பின் கீழ் பழகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று உங்கள் தரத்தேர்வுத் தாளில் இருக்கும். மற்றொன்று இருந்ததாகவே யாரும் சொல்லமாட்டார்கள்.

கோ-டாங் என்பது சோ மான்-சிக் என்பவரின் புனைபெயர். 1883இல் பிறந்தவர். தோக்கியோவில் சட்டம் படிக்கையில் காந்தியடிகளின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டார். ஊர் திரும்பி ஆசிரியப் பணியாற்றினார். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், 1920களின் தொடக்கத்தில், கொரியப் பொருள்களையே வாங்குவோம் என்ற இயக்கத்தைப் பியோங்யாங்கில் முன்னின்று நடத்தினார். நம் பாட்டன்மார் அறிந்த சுதேசி இயக்கத்தின் கொரிய வடிவம் என்று சொல்லலாம். அவரைக் கொரியாவின் காந்தி என்று அழைத்தவர்களும் உண்டு. 1945இல் ஜப்பான் தோற்றதும் பியோங்யாங்கில் மக்கள் தலைவராக நின்றவர் அவர்தான். ஆனால் கொரியாவை வல்லரசுகளின் பொறுப்பாட்சியில் வைக்கும் திட்டத்தை அவர் ஏற்க மறுத்ததால், 1946 ஜனவரியில் சோவியத் அதிகாரிகள் அவரை வீட்டுக்காவலில் வைத்தனர். அதன் பிறகு அவர் வெளியுலகுக்கு வரவேயில்லை. 1950இல் கொரியப் போர் நடந்தபோது கொல்லப்பட்டார் என்று நம்பப்படுகிறது. அவர் அகற்றப்பட்ட இடத்தில் மேலே வந்தவர் கிம் இல்-சுங்.

துல்லின் 39 அசைவுகள் அவர் சிறை சென்ற எண்ணிக்கையையும், அவர் பிறந்த ஊர் அமைந்த 39ஆம் அட்சரேகையையும் குறிப்பதாகக் கையேடு சொல்கிறது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து விழுந்தது கொஞ்சம் இழுத்துப் பொருத்தியதுபோல எனக்குப் படுகிறது. இருக்கட்டும்.

இனி ஜெனரல் சோயின் கதையைப் பாருங்கள். தென் கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீயோடு ஒத்துப்போக முடியாமல் 1972இல் அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டே சியோலில் அரசு ஆதரவோடு வேறோர் உலகச் சம்மேளனம் தோன்றியது. ஒலிம்பிக் வரை போனது அந்தப் பிரிவுதான். 2000ஆம் ஆண்டு சிட்னியில் அது அதிகாரப்பூர்வப் பதக்க விளையாட்டாயிற்று. தனித்து விடப்பட்ட சோய், 1980இல் தம் குழுவை அழைத்துக்கொண்டு வட கொரியா சென்றார். அவர் பிறந்த மண்ணும் அந்தப் பக்கம்தான். அதன் பிறகு 1980களில் வெளியான 15 தொகுதிக் கலைக்களஞ்சியத்தில் கோ-டாங் இல்லை. அவ்விடத்தில் ஜூச்சே இருந்தது. ஜூச்சே என்பது கிம் இல்-சுங் ஆட்சியின் கொள்கைப் பெயர். மனிதனே எல்லாவற்றுக்கும் தலைவன் என்று கையேட்டில் அழகாக விளக்கியிருக்கிறார்கள். வரைபடம் பெக்து மலையைக் குறிக்கிறதாம். ஆனால் யாரை நீக்கிவிட்டு எதை வைத்தார்கள் என்று பாருங்கள்! வட கொரிய ஆட்சி தோன்றும்போது காணாமற்போன ஒரு மனிதரின் நினைவை எடுத்துவிட்டு, அதே ஆட்சியின் கொள்கையை வைத்திருக்கிறார்கள். சோ மான்-சிக் இரண்டாம் முறை காவலில் வைக்கப்பட்டார் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

அதற்கு முன்பே பிரிந்துபோன அமைப்புகள் பல இன்றும் கோ-டாங்கையே கற்பிக்கின்றன. 2002 ஜூன் 15ஆம் நாள் ஜெனரல் சோய் பியோங்யாங்கில் காலமானார். அனைத்துலகச் சம்மேளனமும் மூன்றாகப் பிளவுபட்டது. அவற்றுள் அவர் மகன் தலைமையிலான பிரிவு செய்த காரியம்தான் வியப்பு. ஜூச்சேயின் 45 அசைவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் கோ-டாங் என்று மாற்றிவிட்டார்கள். ஆக, கோ-டாங் என்ற பெயரில் இப்போது இரண்டு வேறு துல்கள் இருக்கின்றன. ஒரே துல்லுக்கு இரண்டு பெயர்களும் இருக்கின்றன. இதைச் சொல்லாமல் மாணவரை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, "தொடங்கு" என்று ஆணையிடுவது எப்படிப் பாடமாகும்?

"மண்டபத்துக்குள் அரசியல் வேண்டாம்" என்பார்கள். இந்த வாதத்தை நான் பல பயிற்றுநர்களிடம் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாதம்தான். ஆனால் ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்த அன்றே அரசியல் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. நாம் அதைப் பற்றிப் பேசாதிருந்தால் அது வெளியே போய்விடாது. மாணவரின் கைகால்களில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதை அவருக்குத் தெரியப்படுத்துவதுதான் நேர்மை.

ஜூச்சேயைக் கற்கக் கூடாது என்பது என் வாதமன்று. அசைவுகளைப் பொறுத்தமட்டில் அது கடினமான, அருமையான துல். ஒரு காலில் நின்றபடி, மறு காலைத் தரையில் வைக்காமலேயே, இரண்டு உதைகளை ஒன்றன்பின் ஒன்றாக மிக மெதுவாகச் செய்ய வேண்டிய கட்டம் அதில் உண்டு. வேகமாக உதைப்பது எளிது, வேகம் குறையை மறைத்துவிடும். மெதுவாக உதைக்கும்போது இடுப்பின் பலவீனம், ஊன்றிய பாதத்தின் நடுக்கம், மூச்சின் தடுமாற்றம் எல்லாம் அம்பலமாகின்றன. இந்த ஒரு கட்டத்துக்காகவே பல மாதங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பழகியவர்களை எனக்குத் தெரியும். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆகவே தேர்வுத் தாள் எதைக் கேட்கிறதோ அதைச் செம்மையாகக் கற்கட்டும். மற்றதன் கதையையும், முடிந்தால் அசைவுகளையும் சேர்த்தே கற்கட்டும். ஒரு டானிலிருந்து மறு டானுக்குப் போக ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருக்கிறதே, அது எதற்காம்?

பேட்டர்ன் வெறும் ஆட்டம், பதக்கம் சண்டையில்தான் கிடைக்கிறது என்போருக்கும் ஒரு சொல். போட்டிச் சண்டை இளமைக்குரியது. முப்பது வயதுக்கு மேல் அதில் நீடிப்பவர் சிலரே. துல் அப்படியன்று. முதியவர் ஒருவர் தாழ்வான உதைகளோடு துல்லைச் செய்து முடிக்கும்போது பார்ப்பவர் கண் விலகுவதில்லை. நம் பல்கலைக்கழகங்களின் புறப்பாட வகுப்புகளில் பதக்கக் கணக்கு பார்த்தே நேரம் ஒதுக்குகிறார்கள். துல்லுக்கு மிஞ்சுவது கடைசிப் பத்து நிமிடந்தான். ஒவ்வொரு துல்லையும் நிறைவாகத் தேறிய பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பதும், ஒவ்வோர் அசைவின் நோக்கத்தையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும் என்பதும் ஜெனரல் சோய் வகுத்த விதிகளிலேயே உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு கட்டணம் என்று ஓடும் இடங்களில் இவ்விரு விதிகளும் முதலில் பலியாகின்றன.

இப்போது மொழிக்கு வருகிறேன். நம் மொழிக் கழக மலரில் இதை எழுதத் துணிந்ததே அதற்காகத்தான். பயிற்றுநரும் மாணவரும் தமிழராக இருக்கும் மண்டபத்தில் துல்லின் விளக்கம் ஏன் ஆங்கிலத்தில் மட்டும் இருக்க வேண்டும்? கட்டளைச் சொற்கள் கொரிய மொழியிலேயே இருக்கட்டும். சாரியோத், கியோங்ஙே, ஜுன்பி என்ற ஓசைகள் உலகம் முழுவதும் ஒன்றே. அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் போ-இயுன் யார், சோ மான்-சிக் ஏன் சிறை சென்றார் என்பதைத் தமிழில் சொல்ல எது தடை? மனப்பாடம் செய்த ஆங்கில வரிகளில் மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை. தாய்மொழியில் சொன்னால் கேட்கிறார்கள். இதை நான் உதவிப் பயிற்றுநராக நிற்கும் வகுப்பிலேயே கண்டேன்.

ஜூங்-குன் துல்லில் 32 அசைவுகள். ஜப்பானியத் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜூங்-குன் 1910இல் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 32 என்பது விளக்கம். இதைத் தமிழில் சொன்னதும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, "அண்ணா, அவர் எப்போது பிறந்தார்?" என்று கேட்டாள். 1879. கணக்குப் போட்டுப் பார்த்தால் முப்பதுதான் வருகிறது. கையேடு தவறா? தேடிப் பார்த்தோம். கொரியர்களின் பழைய கணக்கில் பிறந்தவுடனேயே ஒரு வயது. அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒரு வயது கூடும். அப்படி எண்ணினால் 1910இல் சரியாக 32. இயுய்-அமுக்கும் இதே கணக்குதான். அது சொன் பியோங்-ஹியின் புனைபெயர். 1861இல் பிறந்தவர். 1905இல் தம் சமய இயக்கத்துக்குப் பெயர் மாற்றியபோது அவருக்கு வயது 45 என்கிறது கையேடு. அந்த ஒரு கேள்வியால் இரண்டு துல்களின் எண்களுக்கும் விளக்கம் கிடைத்தது. ஆங்கில வரியை எத்தனையோ ஆண்டுகளாக எத்தனையோ பேர் ஒப்பித்திருக்கிறோம். ஒருவரும் கழித்துப் பார்க்கவில்லை.

தமிழில் விளக்கக் கையேடு ஒன்று தயாரிப்பது அவ்வளவு பெரிய வேலையன்று. 24 துல்கள், துல்லுக்கு இரண்டு பக்கம். மொத்தம் ஐம்பது பக்கத்துக்குள் முடியும். தேக்குவாண்டோ பழகும் மாணவர்கள் நம் கழகத்திலேயே இருக்கிறார்கள், வரலாறு படிப்போரும் இருக்கிறார்கள். மொழித் திருத்தத்துக்கு இந்த மலர்க்குழுவினரைவிட வேறு யார் வேண்டும்? கோ-டாங், ஜூச்சே இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைக்கலாம். எதை எப்போது யார் மாற்றினார்கள் என்று மறைக்காமல் எழுதலாம். எந்த அமைப்பும் இதற்கு முத்திரை குத்தித் தரப்போவதில்லை. தரத்தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்காது. எனவே இலாபம் தேடுவோர் இப்பணிக்கு வரமாட்டார்கள் என்பது ஒரு வசதி.

எந்தத் துல்லிலிருந்து எழுதத் தொடங்கலாம் என்று நண்பர்களோடு பேசியபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். என் விருப்பம் சே-ஜோங். அதைக் கற்க ஐந்தாம் டான் வரை ஏற வேண்டும், எங்களில் ஒருவரும் இன்னும் அந்தப் படியை எட்டவில்லை. சே-ஜோங் என்பவர் 1443இல் கொரிய எழுத்துகளை உருவாக்கிய மன்னர். அந்தத் துல்லின் அசைவுகள் 24, இன்றைய கொரிய அடிப்படை எழுத்துகளும் 24. தம் மொழியின் நெடுங்கணக்குக்கே ஒரு தற்காப்பு வரிசை வகுத்திருக்கிறார்கள். இதை முதற்பக்கத்தில் வைக்கலாம் என்றேன். மற்றவர்கள் சொன்-ஜியிலிருந்து முறையாகப் போவோம் என்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. எழுத முன்வருவோர் கழக அறையில் பெயர் கொடுக்கலாம்.